தரை எங்கே, கூரை எங்கே?

வாசகர் கேள்வி – பதில்: வான்வழி லேசர் அளவையும் புகைப்படமும்

உள்ளாட்சி அமைப்புகள் விமானமோ ட்ரோனோ பறக்கவிட்டு வரைபடம் தயாரிப்பது பற்றி வந்த கடிதங்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். லைடார் என்று வரும் இடமெல்லாம், மேலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பித் தூரம் அளக்கும் முறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ட்ரோன் எடுத்த படங்களை மென்பொருளில் போட்டாலே ஊர் முப்பரிமாணத்தில் வந்துவிடுகிறது. பிறகு எதற்குத் தனியாக லேசர்? தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: மரம் என்று சொல்லுங்கள். படத்திலிருந்து உயரம் எடுக்க வேண்டுமானால், தரையின் அதே இடம் குறைந்தது இரண்டு படங்களிலாவது தெரிய வேண்டும். மரத்தடி எந்தப் படத்திலும் தெரியாது. மென்பொருள் மர உச்சிகளின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, அதையே மேற்பரப்பு என்று கொடுத்துவிடும்.

லேசர் கருவி ஒரு துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. போய்வரும் நேரத்தில் 1 நானோ நொடி என்பது 15 செ.மீ. தூரம். இப்படி நொடிக்குச் சில லட்சம் துடிப்புகள் போகும். லேசர் இலையைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது என்று சிலர் சொல்வது தவறு. இலைக்கும் இலைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் இறங்குகிறது. ஒரே துடிப்பின் ஒரு பங்கு உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும், ஒரு பங்கு நடுக்கிளையில், மிச்சம் தரையில். முதல் எதிரொலி மர உச்சி. கடைசி எதிரொலி பெரும்பாலும் தரை. அந்தப் 'பெரும்பாலும்' முக்கியம். அடர்ந்த முட்புதரிலும் நெருங்கி வளர்ந்த மூங்கிலிலும் கடைசி எதிரொலிகூடத் தரையைத் தொடாமலே திரும்பிவிடும்.

படத்துக்கு உள்ள கூர்மை லேசருக்குக் கிடையாது. 0.5 மில்லிரேடியன் விரியும் கற்றை, 1,000 மீட்டர் உயரத்திலிருந்து வந்தால் தரையில் 50 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக விழும். நடைபாதையின் விளிம்பு, மேன்ஹோல் மூடி, சாலையில் போட்ட வெள்ளைக் கோடு எல்லாம் 5 செ.மீ. பிக்சல் படத்தில் (ஒரு பிக்சல் தரையில் 5 செ.மீ.) பளிச்சென்று தெரியும், லேசரில் மங்கிவிடும். ஆகவே மரமில்லாத வெட்டவெளி, குப்பைக் கிடங்கு, குவாரி என்றால் படமே போதும். மரம் நிறைந்த ஊரில் மழைநீர் வடிகால் திட்டம் என்றால் லேசர் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: டெண்டரில் சதுர மீட்டருக்கு எத்தனை புள்ளி என்று போட வேண்டும்? அதிகம் கேட்டால் துல்லியம் கூடும்தானே?

பதில்: கூடாது. துடிப்பு பட்டுத் திரும்பிய ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி; புள்ளி அடர்த்தி வேறு, உயரத் துல்லியம் வேறு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தரநிலைகளைப் பாருங்கள். இரண்டாம் தரத்துக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 புள்ளி, முதல் தரத்துக்கு 8. ஆனால் உயரப் பிழையின் வரம்பு இரண்டுக்கும் ஒன்றுதான்: 10 செ.மீ. பூஜ்யத் தரத்தில் அடர்த்தி அதே 8, பிழை மட்டும் 5 செ.மீ. எவ்வளவு சின்னப் பொருள் கண்ணில் படும் என்பதை அடர்த்தி சொல்லும். அதன் உயரம் சரியா என்பதை ஜிபிஎஸ், விமானத்தின் சாய்வை அளக்கும் கருவி, இவற்றைச் சீராக்கிய விதம் ஆகியவைதான் தீர்மானிக்கும்.

ஆற்றுப் படுகை, பொதுவான காண்டூர் (சம உயரக் கோட்டு வரைபடம்) என்றால் 2 போதும். ஊருக்குள் வடிகால், கட்டட உருவம் என்றால் 8 வேண்டும். 8 புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி சுமார் 35 செ.மீ.; 30 செ.மீ. அகலமுள்ள தெருச் சாக்கடை அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகலாம். அதைப் படத்தில் பார்த்துக் கோடாக வரைந்துகொள்வதுதான் மலிவு.

ஒப்பந்ததாரர் கொடுக்கும் பறப்புத் திட்டத்தை நீங்களே சரிபார்க்கலாம். நொடிக்கு 3,00,000 துடிப்பு, வேகம் நொடிக்கு 60 மீட்டர், உயரம் 1,000 மீட்டர், வீச்சுக் கோணம் (லேசர் இருபக்கமும் வீசும் மொத்தக் கோணம்) 40 டிகிரி என்று வையுங்கள். ஒரு பறப்பில் தரையில் விழும் பட்டையின் அகலம் 728 மீட்டர். 60-ஐ 728-ஆல் பெருக்கி, 3,00,000-ஐ அதனால் வகுத்தால் சுமார் 6.9. எட்டு வரவில்லை. 850 மீட்டருக்கு இறங்கினால் பட்டை 619 மீட்டராகச் சுருங்கி, எட்டைத் தொடும். பறப்புக் கோடுகள் கூடும், செலவும் கூடும். விலைப்புள்ளி சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏமாற்றும் இங்கேதான் நடக்கும். ஒரு துடிப்பு மரத்தில் பட்டு மூன்று எதிரொலி தந்தால் மூன்று புள்ளி. பக்கத்துப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் எண்ணிக்கை இரட்டிப்பு. எல்லாவற்றையும் கூட்டி '8 வந்துவிட்டது' என்பார்கள். டெண்டரில் இப்படி எழுதுங்கள்: 'ஒரே பட்டையில், முதல் எதிரொலிகளை மட்டும் எண்ணி, ஓவர்லாப்பைச் சேர்க்காமல்.'

கேள்வி: லைடார் கோப்பில் உள்ள உயரம், எங்கள் பென்ச் மார்க் உயரத்தோடு பல பத்து மீட்டர் இடிக்கிறது. அளவையே தவறா?

பதில்: அநேகமாக இல்லை. ஜிபிஎஸ் தரும் உயரம், பூமியைக் கணித முறையில் ஒழுங்கான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் மேலிருந்து அளந்தது. பென்ச் மார்க், அதாவது உயரம் குறித்து வைத்த நிலையான அடையாளம், தரும் உயரமோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும்; உலக அளவில் சுமார் மைனஸ் 106 மீட்டரிலிருந்து பிளஸ் 85 மீட்டர் வரை போகும். மைனஸ் எல்லை இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கழிக்க, கடல் மட்டப் பரப்பின் வடிவத்தைச் சொல்லும் 'ஜியாய்டு' மாதிரி ஒன்று வேண்டும். எந்த மாதிரியைப் பயன்படுத்தினார்கள் என்று அறிக்கையில் பெயரோடு எழுதி வாங்குங்கள். தண்ணீர் கடல் மட்ட உயரத்தைப் பார்த்துத்தான் ஓடும். நீள்கோள உயரத்தில் வடிகால் சரிவு போட்டால் தப்பாகும்.

வித்தியாசத்தின் குணத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். ஊர் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு வித்தியாசம் என்றால் உயர அடிப்படை மாறியிருக்கிறது. ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சீராகக் கூடிக்கொண்டே போனால், தவறான ஜியாய்டு மாதிரி அல்லது தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (அளவையைப் பொருத்துவதற்காகத் தரையில் அளந்து வைத்த இடம்) ஒன்றில் கோளாறு. பட்டைக்குப் பட்டை படிக்கட்டுபோல 10, 15 செ.மீ. ஏறி இறங்கினால், கருவியின் கோணச் சீரமைப்பு கெட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு பட்டைகள் படியும் இடத்தில் ஓட்டுக் கூரை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முகடு ஒன்றாகத் தெரிந்தால் சரி. அருகருகே இரண்டு முகடுகள் தெரிந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: பில் பாஸ் செய்வதற்கு முன் நாங்களே துல்லியத்தைச் சோதிக்க முடியுமா? எங்களிடம் ஒரு சர்வேயரும் ஒரு ஜிபிஎஸ் கருவியும் மட்டுமே உண்டு.

பதில்: அது போதும். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.ஆர்.எஸ். (வான்பட அளவை, தொலையுணர்வு வல்லுநர்களின்) சங்கம் 2023-ல் வெளியிட்ட தரநிலை குறைந்தது 30 சோதனைப் புள்ளிகள், அதாவது லைடாரோடு ஒப்பிடத் தரையில் தனியாக அளந்த இடங்கள், கேட்கிறது; 2014 பதிப்பில் 20 இருந்தது. புள்ளிகளை ஊர் முழுக்கப் பரப்புங்கள், ஒரே நெடுஞ்சாலையோரம் வரிசையாக வைக்காதீர்கள். தார்ச் சாலை, சிமென்ட் தளம், கெட்டியான மைதானம் போன்ற தட்டையான இடங்களில், எந்த விளிம்பிலிருந்தும் தள்ளி எடுக்க வேண்டும். நடைபாதையின் ஓரத்தில் எடுத்தால் லேசர் மேலே பட்டதா கீழே பட்டதா என்றே தெரியாது. லைடாரிடம் 10 செ.மீ. எதிர்பார்த்தால் சோதனைப் புள்ளி 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரு புள்ளியை இரண்டு வேறு நேரங்களில் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, இந்தப் புள்ளிகள் ஒப்பந்ததாரர் கையில் போகக்கூடாது. கேள்வித்தாளை முன்னாடியே கொடுத்துப் பரீட்சை வைத்த மாதிரி ஆகிவிடும்.

கணக்கு எளிது. ஐந்து புள்ளிகளில் லைடார் உயரத்திலிருந்து உங்கள் உயரத்தைக் கழித்தால் +4, −6, +9, −3, +10 செ.மீ. வருகிறது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 242. ஐந்தால் வகுத்தால் 48.4. அதன் வர்க்கமூலம் சுமார் 7. இதுதான் ஆர்.எம்.எஸ். பிழை, 10-க்குள் இருப்பதால் தேறிவிட்டது. ஆனால் இதோடு நிறுத்தாமல் சாதாரணச் சராசரியையும் பாருங்கள். இங்கே +2.8. ஐந்துமே +8 என்று வந்திருந்தால் ஆர்.எம்.எஸ். 8, அதுவும் தேர்ச்சிதான். ஆனால் ஊரே 8 செ.மீ. தூக்கி நிற்கிறது. சிதறிய பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரே பக்கம் சாய்ந்த பிழையைத் திருத்தித் தரச் சொல்லலாம்.

புல், புதர், மரத்தடியில் எடுத்த புள்ளிகளைத் தனிக் கணக்காக வையுங்கள். அங்கே பிழை எப்போதும் கூடுதல். சேர்த்தால் நல்ல வேலையும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் மறையும்.

கேள்வி: லைடார் தரை மாதிரியில் வெள்ள ஓட்டம் கணக்கிட்டோம். ஒருநாளும் தண்ணீர் தேங்காத சாலையோரம் குளமாகத் தெரிகிறது. ஆண்டுதோறும் மூழ்கும் தெரு காய்ந்து கிடக்கிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் வேறு வேறு தவறு. அடிக்கடி நடப்பதால் விரிவாகவே சொல்கிறோம். தரை மாதிரி என்பது ஊரைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தரை உயரம் கொடுத்த கோப்பு.

முதலாவது, சிறுபாலம். லேசர் சாலையின் மேற்பரப்பைப் பார்க்கிறது. அடியில் போகும் குழாயைப் பார்ப்பதில்லை. ஆகவே மாதிரியில் ஒவ்வொரு சாலை மேடும் ஓர் அணை. இதைத் தேட ஒரு வழி உண்டு. பள்ளங்களை நிரப்பும் கட்டளை பெரும்பாலான ஜிஐஎஸ் (வரைபடத் தரவைக் கையாளும்) மென்பொருள்களில் இருக்கும். அதை ஓட்டிவிட்டு, நிரப்பிய மாதிரியிலிருந்து பழைய மாதிரியைக் கழியுங்கள். 30 செ.மீ.க்கு மேல் நிரம்பிய இடங்களுக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள். சாலை, ரயில் பாதை, வாய்க்கால் கரை ஆகியவற்றை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறுபாலம் ஒளிந்திருக்கலாம். அந்தப் பட்டியலோடு ஆளை அனுப்பி, இருபுறமும் குழாயின் அடிமட்டத்தை லெவல் கருவியால் எடுங்கள். பிறகு அந்த இரு மட்டங்களுக்கும் நடுவே ஒரு கோடு வரைந்து, மாதிரியில் அந்தக் கோடு கடந்து போகும் கட்டங்களைத் தாழ்த்த வேண்டும். கோட்டைச் சாலை அகலத்தோடு நிறுத்தினால் மேட்டின் அடிவாரம் மிஞ்சி மறுபடி தடுக்கும். இருபுறமும் இரண்டு, மூன்று கட்டம் நீட்டி விடுங்கள். மண் அடைத்த குழாயை அடைத்ததாகவே வைத்து ஒருமுறையும், திறந்ததாக வைத்து ஒருமுறையும் ஓட்டிப் பார்த்தால், எதை முதலில் தூர் வார வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அவசரத்தில் சிலர் நிரப்பிய மாதிரியையே இறுதி மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். அதில் உண்மையான குளம், குட்டை எல்லாம் சமதரையாகிவிடும். செய்யாதீர்கள்.

இரண்டாவது, சுவர். தரை மாதிரி செய்யும்போது கட்டடம், மதில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தைச் சுற்றியுள்ள தரையை வைத்து நிரப்புவார்கள். மாதிரியில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து நேராகப் போகும். நிஜத்தில் வீடும் மதிலும் அதைத் தெருவுக்குத் தள்ளும், தெரு மூழ்கும். கட்டட எல்லைகளை எடுத்து அந்தக் கட்டங்களை 3 மீட்டர் உயர்த்துங்கள். 20 செ.மீ. மதில் 1 மீட்டர் கட்டத்தில் தெரியாது. அதைக் கோடாக வரைந்து தடுப்பாகக் கொடுக்க வேண்டும். வாயிற்கதவு உள்ள இடத்தில் இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் இந்த முறை வளாகத்துக்குள்ளே குளம் தோன்றும்.

கேள்வி: வான்படத்தில் ஒரு மாடிக் கட்டடம் சாலைமேல் சாய்ந்து தெரிகிறது. படத்தை வைத்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கேமராவுக்கு நேர் கீழே இல்லாத எந்த உயரமான பொருளும் படத்தில் வெளிப்பக்கமாகச் சாயும். விமானம் தரையிலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில். கட்டடம் 30 மீட்டர் உயரம். கேமராவின் நேர் கீழ்ப்புள்ளியிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிற்கிறது. 30-ஐ 500-ஆல் பெருக்கி, 1,470-ஆல் (1,500-ல் 30 போக) வகுத்தால் 10.2 மீட்டர். கூரை அத்தனை தூரம் தள்ளி விழுந்திருக்கும். அதே கட்டடம் நேர் கீழ்ப்புள்ளியிலிருந்து 50 மீட்டரில் இருந்தால் சாய்வு 1 மீட்டர்தான்.

சாதாரண ஆர்த்தோ படம் (வரைபடம்போல அளக்கத் திருத்திய வான்படம்) தரையின் மேடுபள்ளத்தை மட்டும் திருத்துகிறது, கட்டடத்தைத் திருத்தாது. கூரையையும் தன் இடத்தில் உட்கார வைத்த படத்துக்கு 'ட்ரூ ஆர்த்தோ' என்று பெயர். அதற்குப் படங்கள் நெருக்கமாக வேண்டும்: வழக்கமான 60 சதவீத முன் ஓவர்லாப்பும் (ஒரே கோட்டில் அடுத்தடுத்த படங்கள் படிவது) 30 சதவீதப் பக்க ஓவர்லாப்பும் (பக்கத்துக் கோடுகளின் படங்கள் படிவது) போதாது, 80-க்கு 60 ஆவது கேளுங்கள். அப்போதும் தெரிவது கூரையின் விளிம்பு, சுவரின் விளிம்பு அல்ல. தாழ்வாரம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை டேப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்.

சொத்து எல்லைக்கும் இதே பதில்தான். வான்படம் வேலி எங்கே நிற்கிறது என்று காட்டும். வேலி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டாது. பழைய நில அளவை வரைபடத்தை இழுத்துப் பிடித்துப் படத்தின்மேல் பொருத்திவிட்டு, பொருந்தாத வீட்டுக்காரர்மேல் குற்றம் சொல்வது நியாயமில்லை. வரைபடத்தின் பிழையே 2, 3 மீட்டர் இருக்கக்கூடும். சந்தேகமான இடங்களைப் பட்டியலிட மட்டும் படத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் நிற்பவரின் முகம் தெரியுமா?

பதில்: 10 செ.மீ. பிக்சலில் ஒருவரின் தோள் அகலம் ஐந்து பிக்சல்கூட வராது. ஆள் என்பதே கஷ்டப்பட்டுத்தான் தெரியும். மிகத் தாழப் பறக்கும் ட்ரோனின் 1 செ.மீ. படமும், பக்கவாட்டில் சாய்த்து எடுக்கும் படமும் வேறு கதை. அவற்றைப் பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அப்படியே ஏற்றாதீர்கள்.

கேள்வி: எந்தப் பருவத்தில் பறக்கலாம்?

பதில்: மரம் இலை உதிர்த்திருக்கும்போது, நீர்நிலை வற்றியிருக்கும்போது. படத்துக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 30 டிகிரியில் 30 மீட்டர் கட்டடத்தின் நிழல் 52 மீட்டர் நீளும், பக்கத்துத் தெரு இருட்டில் போய்விடும். லேசர் இரவிலும் வேலை செய்யும். ஆனால் விமானத்துக்குக் கீழே மேகம் வந்தால் இரண்டுமே வீண்.

கேள்வி: வேலை முடிந்ததும் எந்தெந்தக் கோப்புகளை வாங்கி வைக்க வேண்டும்? எவ்வளவு இடம் பிடிக்கும்?

பதில்: காண்டூர் வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த திட்டத்துக்கு மறுபடி பறக்க வேண்டிவரும். வகைப்படுத்திய புள்ளித்திரள் (ஒவ்வொரு லேசர் புள்ளியும் தரையா கட்டடமா என்று எண் குறித்த தொகுப்பு) முழுவதும் எல்.ஏ.எஸ். 1.4 என்ற கோப்பு வடிவத்தில், எந்தப் புள்ளி எந்தப் பட்டையிலிருந்து வந்தது என்ற விவரத்தோடு வேண்டும். அதில் தரைக்கு எண் 2, கட்டடத்துக்கு 6, நீருக்கு 9, பாலத்தின் தளத்துக்கு 17. 18 என்பது வானில் மிதக்கும் வேண்டாத புள்ளி; பறவைகூட அதில் சேரும். விமானத்தின் பாதைக் கோப்பு, படங்களின் மூலக் கோப்புகள், ஒவ்வொரு படமும் எங்கிருந்து எந்தச் சாய்வில் எடுக்கப்பட்டது என்ற அட்டவணை, சோதனை அறிக்கை ஆகியவற்றையும் கேளுங்கள்.

100 சதுர கி.மீ. ஊருக்கு 8 புள்ளி என்றால் 80 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 30 பைட் என்று வைத்தால் 24 ஜிபி. ஓவர்லாப்பும் மர எதிரொலிகளும் சேர்ந்தால் இன்னும் ஏறும். எல்.ஏ.இசட். ஆகச் சுருக்கினால் வெகுவாகக் குறையும், தகவல் எதுவும் இழக்காது. 10 செ.மீ. வண்ணப் படம் சுருக்காமல் 30 ஜிபி, 5 செ.மீ. என்றால் 120 ஜிபி. பிக்சலைப் பாதியாக்கினால் கோப்பு நான்கு மடங்கு என்பதை டெண்டர் எழுதும்போதே நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஏரியைத் தூர் வாருவதற்கு முன்னும் பின்னும் லைடார் எடுத்து, அள்ளிய மண்ணுக்குப் பணம் கொடுக்கலாமா?

பதில்: ஏரி வற்றியிருந்தால் கொடுக்கலாம். நில அளவைக்குப் பயன்படும் அகச்சிவப்பு லேசர் தண்ணீருக்குள் போகாது; நீர்ப்பரப்பு வெறும் ஓட்டையாக வரும். தண்ணீருக்குள் இறங்குவது 532 நானோமீட்டர் பச்சை லேசர். கலங்கிய ஏரியில் அதுவும் உதவாது.

ஒவ்வொரு அளவையிலும் பிழை 10 செ.மீ. என்றால், இரண்டையும் கழிக்கும்போது பிழை 14 செ.மீ. ஆகிறது. ஒரு தனி இடத்தில் அதன் இரு மடங்கான சுமார் 28 செ.மீ.க்குக் குறைவான மாற்றத்தை மாற்றம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மொத்தக் கொள்ளளவில் சிதறிய பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே பக்கம் சாய்ந்த பிழைதான் பணத்தைத் தின்னும்: 10 ஹெக்டேரில் 5 செ.மீ. சாய்வு என்பது 5,000 கன மீட்டர். டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 500 லோடு, அள்ளாத மண்ணுக்கு.

ஆகவே ஏரியைச் சுற்றி யாரும் கைவைக்காத கெட்டித் தரை நாலைந்து இடத்தில் பாருங்கள்: கரைமேல் சாலை, மதகின் மேல்தளம், கோயில் முற்றம் எதுவானாலும் சரி. இரண்டு அளவைக்கும் நடுவே அங்கே வரும் சராசரி வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். 4 செ.மீ. வந்தால் அந்த 4-ஐ முதலில் ஏரி முழுக்கக் கழித்துவிட்டு, அதன்பிறகு கொள்ளளவைக் கணக்கிடுங்கள்.